ஸ்வெட்டர் எடுத்துப்போன நாள்

போன வாரம் அவளைக் குளியலறைக் கதவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். உள்ளே கணவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "என்னங்க, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தவள், குழாய்ச் சத்தத்தைச் சாக்காக வைத்து வாயை மூடிக்கொண்டாள்.

இந்த வாரம் சாக்குகள் தீர்ந்துவிட்டன. இன்று விசாரணை.

கதையை இப்போதுதான் கையில் எடுக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் அரசாங்க விமானத்தின் விமானி. அமைச்சர்களை ஏற்றிக்கொண்டு போகும் சின்ன வெள்ளை விமானம். தெருவே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். யாரை ஏற்றுகிறோம், எங்கே போகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது வேலையின் கட்டளை. அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆனால் குடித்தனம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் பையில் துணி அடுக்குவதை அவள் பார்ப்பாள். ஒரே சட்டை போனால் சாயங்காலமே வீடு. குடை போனால் மழை பெய்யும் ஊர். ஸ்வெட்டர் போனால் மலை. மலை மேல் இருப்பதோ ஒரே ஓடுதளம். கேட்காமல் தெரிந்துகொள்வதும், தெரிந்தும் தெரியாத மாதிரி தலைவலி மாத்திரையைப் பையின் ஓரத்தில் செருகி வைப்பதும் அந்த வீட்டில் பழகிப்போன விஷயம்.

அன்றைக்கு அவருக்கு விடுமுறை. திடீரென்று அழைப்பு வந்தது. ஸ்வெட்டரைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார். அவர் போன கையோடு அவளுடைய தம்பி வந்தான். பத்திரிகை நிருபன். "மாமா எங்கக்கா?" என்றான்.

"லீவுன்னு பேரு. இந்த வெயில்ல ஸ்வெட்டரைத் தூக்கிட்டு ஓடுறாரு மனுஷன்" என்று அலுத்துக்கொண்டாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். ஒரு அமைச்சரின் மகனுக்கு அன்று பிறந்தநாள் என்பதும், மலையில் அவர்களுக்குப் புது பங்களா இருக்கிறது என்பதும் தம்பிக்குத் தெரியும். மலையில் இருந்த ஒரு நண்பனுக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டான். மதியமே பத்திரிகையின் இணையப் பக்கத்தில் செய்தி வந்துவிட்டது. பிறந்தநாள் விருந்துக்கு அரசாங்க விமானம். அது இந்த நிமிடம் மலை ஓடுதளத்தில் நிற்கிறது.

சாயங்காலத்துக்குள் வேலிக்கு வெளியே கூட்டம் கூடியது. கல் பறந்தது. அமைச்சர் வேறு வழியாகக் காரில் இறங்கிப் போய்விட்டார். விமானத்தைச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த துணை விமானியின் தலையில் ஒரு கல் விழுந்தது. கல்யாணம்கூட ஆகாத பிள்ளை. இன்னும் கண் திறக்கவில்லை.

யார் சொல்லித் தகவல் வெளியே போனது? இதுதான் இன்றைய விசாரணை. கேப்டனின் வாயிலிருந்து போனது என்று முடிவானால் அவர் இனி விமானத்தைத் தொட முடியாது. வழக்கும் வரும், சிறையும் வரலாம். உண்மை தெரிந்தவள் அவள். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

*

காலையில் அவர் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தச் சட்டையா போடப் போறீங்க?"

"என்னைத்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. சட்டையை நிறுத்தலையே."

வழக்கமாக இப்படி ஏதாவது சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை. விமானி அணியும் இறக்கைச் சின்னத்தை அலுவலகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டதால் சட்டைப் பைக்கு மேலே இரண்டு ஊசித் துளைகள் தெரிந்தன. அவற்றின் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தார், தேய்த்தால் மூடிக்கொள்ளும் என்பது போல.

"என்ன கேப்பாங்க?"

"யார் சொன்னதுன்னு கேப்பாங்க. வேற என்ன கேப்பாங்க?"

"நீங்க என்ன சொல்வீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "காபி ஆறிடப் போகுது. குடி."

அலமாரியில் அவர் துணிகளை ஒதுக்கி வைக்கிற சாக்கில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிற ஸ்வெட்டர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. மலையிலிருந்து வந்த பையில் அது இல்லை. அன்றே கேட்டதற்கு, "எங்கேயோ விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டார். எதையும் எங்கேயும் விட்டுவிட்டு வருகிற ஆள் இல்லை அவர்.

"என்னங்க."

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. பார்த்துப் போயிட்டு வாங்க."

அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தாள். அவர் கேட்கவில்லை. செருப்பை விட்டு ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எழுதுகிற எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது. சொல்லித் தொலைத்தால்தான் என்ன? ஆனால் வாழ்க்கை முழுக்கக் கேட்காமலும் சொல்லாமலும் பழகிய இரண்டு பேர், ஒருநாள் திடீரென்று எப்படிப் பேச ஆரம்பிப்பார்கள்?

*

அவள் கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிறவள். கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே போட்டிருந்த இரும்பு நாற்காலியில் துணை விமானியின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மகனுடைய கறுப்பு ஷூ. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நர்ஸ் கழற்றிக் கொடுத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்க அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை.

"வாம்மாடி. உன்னைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தேன்."

"டாக்டர் என்ன சொன்னாரும்மா?"

"பார்க்கலாம்னாரு. நேத்தும் பார்க்கலாம்னாரு. பார்க்கறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டா, போய் உட்காருங்கம்மாங்கிறாரு." பக்கத்து நாற்காலியைத் தட்டி உட்காரச் சொன்னார். "உன் வீட்டுக்காரர் மட்டும் இல்லேன்னா என் பிள்ளை அங்கேயே போயிருப்பான். கல் விழுந்துக்கிட்டு இருக்கும்போதே ஓடிப் போய்த் தூக்கினாராமே. சாமி மாதிரி மனுஷன்."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துத் தன் மடியில், ஷூப் பையின் மேல் வைத்துக்கொண்டார்.

"கல்லெறிஞ்சவனைக்கூட விட்டுடுவேன்மா. கூட்டத்துல எவனோ ஒரு கூறுகெட்டவன். விமானம் அங்கே நிக்குதுன்னு உளறினவன் எவன்? அவன் வீட்டுல பிள்ளைங்க இல்லையா? இந்நேரம் வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தானே இருப்பான்?"

"அழாதீங்கம்மா."

"எனக்குன்னு இங்கே யார் இருக்கா? ஏதாவது ஒண்ணுன்னா உனக்குத்தான் முதல்ல போன் பண்ணுவேன். எடுப்பேல்ல?"

"எடுக்கறேம்மா" என்றாள். கையை விடுவித்துக்கொண்டு எழுந்து, முகம் கழுவப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினாள்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில், ஸ்கூட்டரின் மேல் சாய்ந்தபடி தம்பி நின்றுகொண்டிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தினமும் இங்கே வருகிறான். தினமும் மாடி ஏறாமலே திரும்பிப் போகிறான்.

"எப்படிக்கா இருக்கான்?"

"மேல போய்ப் பாரேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் அவளால் சும்மா விட முடியவில்லை.

"ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதாடா? விமானம் பத்திரமா திரும்பி வந்த பிறகு எழுதினா செய்தி ஊசிப்போயிடுமா?"

"எழுதினது பொய்யாக்கா?"

"பொய்யின்னு யாருடா சொன்னா? உண்மையைச் சொல்றதுக்கும் ஒரு நேரம் காலம் இல்லையா?"

"நேரமா? ரெண்டு வருஷமா மனு போடறேன். யாரு போறாங்க, எதுக்குப் போறாங்க, போய்ட்டு வந்ததுக்கு அப்புறமாவது சொல்லுங்கன்னு. பாதுகாப்பு கருதிச் சொல்ல இயலாதுன்னே பதில் வரும். போன தடவை அவங்க வந்து இறங்கின பிறகுதான் எழுதினேன். அப்படி ஒரு விமானம் பறக்கவே இல்லைன்னுட்டாங்க. நான் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையில போட வேண்டியதாச்சு. இந்தத் தடவை நிக்கறப்பவே எழுதினாத்தான் இல்லைன்னு சொல்ல முடியாதுன்னு நினைச்சேன்." அவன் குரல் உடைந்தது. "கல்லு பறக்கும்னு நான் கனவா கண்டேன்?"

அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மாடியில் ஷூவை மடியில் வைத்திருக்கிற அந்த அம்மா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சுமக்கத்தான் முடியவில்லை.

"இந்த விசாரணையை நடத்தற பாதுகாப்புப் பிரிவு இயக்குநர் நேத்து என்னைக் கூப்பிட்டாங்க" என்றான். "மேலேருந்து ஒரு வழி சொல்லியிருக்காங்களாம். அமைச்சர் போனது பிறந்தநாளுக்கு இல்லை, ஆய்வுக்கு. நான் யூகிச்சுத் தப்பா எழுதிட்டேன். அப்படின்னு ஒரு கையெழுத்து. யூகம்னா கசிவு இல்லை. கசிவு இல்லைன்னா மாமா மேல குத்தம் இல்லை. நாளைக்கே மாமா வேலைக்குப் போகலாம்."

"நீ என்ன சொன்னே?"

"இப்ப அங்கேதான் போறேன். போட்டுடறேன்கா. என் பேர் போனா போகட்டும். உன் பேர் வெளியே வராது, மாமா பேரும் கெடாது. இனிமே நான் பேனா பிடிச்சு என்ன ஆகப் போகுது?"

சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அடித்தும், செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொள்ளாமல் நின்றவன் இவன். இன்று செய்த நல்ல காரியத்தையே செய்யவில்லை என்று எழுதிக்கொடுக்கக் கிளம்பியிருக்கிறான்.

"வண்டியை எடு. நானும் வர்றேன்" என்றாள்.

*

விமானப் பிரிவு அலுவலகம் ஓடுதளத்தின் ஓரத்தில் இருந்தது. அவளை உள்ளே விட முடியாது என்றார் காவலர். பட்டியலில் பெயர் இல்லையாம். தம்பி மட்டும் உள்ளே போனான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தார்கள். ஜன்னல் வழியாகத் தூரத்தில் அந்த வெள்ளை விமானம் தெரிந்தது. கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்க அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கொஞ்ச நேரம்தான் உட்கார்ந்திருப்பாள். எழுந்து போய்க் காவலரிடம், "உள்ளே தேடிக்கிட்டு இருக்கறது என்னைத்தான். போய்ச் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே நீள மேசை. ஒரு முனையில் இயக்குநர், நரைத்த தலையை ஒட்ட வெட்டிய பெண்மணி. எதிரே கேப்டன், முதுகு வளையாமல். நடுவில் தம்பி. அவன் முன்னால் தட்டச்சு செய்த தாள், கையில் மூடி திறந்த பேனா.

அவளைப் பார்த்ததும் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். வீட்டுக்கு அனுப்பிடுங்க."

"உட்காருங்க கேப்டன்" என்றார் இயக்குநர். அவளுக்கும் ஒரு நாற்காலியைக் காட்டினார். "உங்க கணவர் ஒப்புக்கிட்டாரும்மா. போற வழியில மச்சானுக்குப் போன் பண்ணி அவரேதான் சொன்னாராம்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான்; அவனுக்கும் இது இப்போதுதான் தெரிகிறது என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மாமா, என்ன சொல்றீங்க? நீங்க எப்ப..."

"நீ சும்மா இரு மச்சான்."

இயக்குநர் மேசையில் இருந்த செய்தியின் நகலைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். கடைசிப் பத்தியில் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தது. அந்தச் செய்தியை அவள் முழுதாகப் படித்ததே இல்லை. தலைப்பைப் பார்த்ததுமே பயந்து மூடிவிட்டாள். இப்போது படித்தாள்.

'கொளுத்தும் வெயிலில் ஸ்வெட்டரோடு ஓடினார் விடுமுறையில் இருந்த விமானி.'

படிக்கிறவர்களுக்குச் சுவையாக இருக்கட்டும் என்று தம்பி சேர்த்த வரி. நிருபர்களுக்கு இந்த வியாதி உண்டு. கதை எழுதுகிற எங்கள் சாதிக்கும் உண்டு, எனக்குத் தெரியும்.

"ஸ்வெட்டர் பைக்குள்ளே இருந்துச்சு" என்றார் இயக்குநர். "விமான நிலையத்துல யாரும் பார்க்கல. வீட்டுல பார்த்திருந்தாத்தான் உண்டு."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னைக்கே. ஆம்புலன்ஸ்ல. அந்தப் பிள்ளை தலை என் மடியில இருந்துச்சு. ரத்தம் நிக்கலை. ஸ்வெட்டரைத்தான் மடிச்சு அழுத்திப் பிடிச்சிருந்தேன். யாரோ போன்ல அந்தச் செய்தியை நீட்டினாங்க. இன்னொரு கையில வாங்கிப் படிச்சேன்."

அத்தனை நாளும் காலையில் காபி குடித்தார், சட்டை தேய்த்தார், "எங்கேயோ விட்டுட்டேன்" என்றார். அவள் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்ததெல்லாம் முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஏங்க கேக்கலை? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே!"

"கேட்டா நீ சொல்லிடுவே. நீ சொன்னா நான் பொய் சொல்ல முடியாது. என் வாயிலேருந்து போச்சுன்னா என் வேலையோட போகும். உன் வாயிலேருந்துன்னா வீடே போயிடும்."

அவள் அழுதாள். அடக்கவில்லை. இயக்குநர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இந்தக் கையெழுத்து எனக்கும் பிடிக்கலை" என்றார் இயக்குநர் கொஞ்ச நேரம் கழித்து. "நான் இதே வேலைக்கு வந்த புதுசுல, ஒரு தலைவர் இறங்கற நேரம் வெளியே தெரிஞ்சுபோச்சு. வழியில குண்டு வெடிச்சுது. அவர் தப்பிச்சுட்டாரு. என் டிரைவர் தப்பிக்கலை. அதனால எப்போ இறங்கறாங்க, எந்த வழியா வர்றாங்கன்னு மறைக்கறேன். சாகற வரைக்கும் மறைப்பேன். எதுக்குப் போனாங்கன்னு திரும்பி வந்த பிறகு மறைக்க எனக்கு ஆசை இல்லை. மேலே இருக்கறவங்க ரெண்டையும் ஒரே பெட்டியில போட்டுப் பூட்டச் சொல்றாங்க." தம்பியைப் பார்த்தார். "போடறதுன்னா போடுங்க தம்பி. எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

தம்பி பேனாவைத் தாளில் வைத்தான்.

அவள் எட்டி அந்தத் தாளை இழுத்துக்கொண்டாள். பேனா இழுபட்டு மேசையில் நீலக் கோடு விழுந்தது.

"மேடம், எழுதிக்குங்க. ஸ்வெட்டரைப் பத்திச் சொன்னது நான். தம்பிக்கிட்டச் சொன்னேன். தெரியாமச் சொன்னேன், ஆனா நான்தான் சொன்னேன். இவருக்கு அதுல சம்பந்தமே இல்லை. இதுவும் எழுதிக்குங்க. அமைச்சர் போனது ஆய்வுக்கு இல்லை, பிறந்தநாளுக்கு. அந்தப் பிள்ளை மண்டை உடைஞ்சது ஒரு கேக் வெட்டறதுக்காக. ரெண்டையும் எழுதுங்க. என் தப்பு வெளியே வரட்டும், அமைச்சர் தப்பும் வரட்டும்."

"கெடுத்துட்டியேடி" என்றார் கணவர், மெதுவாக.

இயக்குநர் பேனாவை எடுத்தார். நிதானமாக எழுதினார். நாலைந்து வரி இருக்கும். பிறகு மூடி போட்டு வைத்துவிட்டார்.

"முதல்ல சொன்னதை எழுதிக்கிட்டேன்மா."

"ரெண்டாவது?"

"அதை எழுத எனக்கு அனுமதி இல்லை."

தம்பி எழுந்தான். அக்காவின் கையில் கசங்கிப்போயிருந்த தாளை வாங்கி, கையெழுத்துப் போடாமலே இயக்குநர் முன்னால் வைத்தான். "அப்ப நான் எழுதறேன்கா" என்றான். "இந்தத் தடவை முழுசா. உன்னையும் சேர்த்து."

அவள் தலையாட்டினாள். அந்த நேரம் பார்த்து அவள் கைப்பையில் போன் அடித்தது.

துணை விமானியின் அம்மா.

கணவர் பாதி எழுந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார். எடுப்பேல்ல என்று கேட்டதும், எடுக்கறேம்மா என்று சொன்னதும் நினைவுக்கு வந்தன. எடுத்தாள்.

"அம்மாடி..." பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். "பிள்ளை அப்படியேதான் இருக்கான். அது இல்லை. இங்கே அமைச்சர் ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வந்திருக்காரு. பழமெல்லாம் வாங்கிட்டு வந்திருக்காரு. அந்தச் செய்தியை எழுதினது உன் தம்பிங்கிறாரு. உன் வீட்டுலேருந்துதான் விஷயம் போச்சுங்கிறாரு. நான் நம்பலை. அவரைத் திட்டி அனுப்பணும், நீ ஒரு வார்த்தை சொல்லு. பொய்தானேம்மா?"

கணவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். முகம் கெஞ்சியது. இப்போதைக்குப் பொய் என்று சொல்லிவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கை சொன்னது.

"பொய் இல்லம்மா" என்றாள். "நான் வர்றேன். நேர்ல வந்து சொல்றேன்."

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. ஏதோ கீழே விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது. ஷூவாக இருக்கலாம், பழமாகவும் இருக்கலாம். அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு கதவைப் பார்த்து நடந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.